பின்கதவு திறந்த ஐந்து வீடுகள்

பெங்களூர் தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்தேன். மென்பொருளோடு கூடவே போகும் கையேடுகளை எழுதுவது என் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று, நான் ஒருநாளும் பார்க்கப்போகாத யாரோ ஒருவருக்கு எழுதிவைக்க வேண்டும். சம்பளம் நன்றாக இருந்தது. திருப்பத்தூரில் அப்பா மகளின் சம்பளத்தைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மல்லேஸ்வரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வேலையை விட்டேன். ஊரைத் திருத்தப் போகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை. எனக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் எனக்கு முன்பே விலகி ஒரு சின்ன அமைப்பைத் தொடங்கியிருந்தார். அதில் அவருக்குக் கூட்டாளியாகச் சேர்ந்தேன். பெங்களூரில் அப்போது அப்படி ஒரு காற்று அடித்துக்கொண்டிருந்தது. படித்தவர்கள், நல்ல வேலையில் இருந்தவர்கள், இதையெல்லாம் சரிசெய்ய நம்மால் முடியும் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். சமூகத் தொழில்முனைவோர் என்ற சொல்லை ஒரு வாரப் பயிற்சி வகுப்பில்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரு பிரச்சினையைக் கண்டுபிடி, அதற்கு ஒரு வழி செய், அந்த வழியைப் பத்து இடத்துக்குக் கொண்டுபோ என்றார்கள். நான் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.

நாங்கள் கண்டுபிடித்த பிரச்சினை சிவாஜிநகரில் இருந்தது. மார்க்கெட்டைச் சுற்றித் தரையில் சாக்கு விரித்து வியாபாரம் செய்கிற பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தால் இருட்டும்வரை அங்கேதான். ஆண்கள் எந்தச் சுவரோரத்திலும் ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரக் கையில் படிவங்களோடு போனேன்.

அப்படித்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்குத் திரும்பும் முனையில் எலுமிச்சம்பழம், இஞ்சி, பச்சைமிளகாய் வைத்திருப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிறந்ததிலிருந்து கண்டோன்மென்ட் பக்கத்திலேயே வாழ்ந்தவர். தமிழும் கன்னடமும் உருதுவும் அவர் வாயில் ஒரே மொழி மாதிரி வரும். என் படிவத்தில் முதல் கேள்வி, காலையிலிருந்து எத்தனை தம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள் என்பது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

"இதெல்லாம் எழுதி இன்னா பண்ணப் போறே? வா, காட்டுறேன்."

துணிக்கடைகளுக்குப் பின்னாலிருந்த சந்துக்குள் கூட்டிப்போனார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. அங்கே ஒரு வீட்டின் பின்கதவைத் தட்டினார். ஐம்பது வயது இருக்கும் ஒரு முஸ்லிம் அம்மா திறந்தார். தையல்காரர், கழுத்தில் அளவுநாடா தொங்கியது. மார்க்கெட் பெண்கள் எல்லோருக்கும் அவர் ஆபா. உருதுவில் அக்கா என்று அர்த்தம். ஆபா சிரித்து என்னையும் உள்ளே வரச் சொன்னார். பின்கட்டில் ஒரு கழிப்பறை இருந்தது. அவ்வளவுதான். அதைக் காட்டத்தான் அக்கா கூட்டிவந்திருந்தார்.

அக்கா ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் ஆபாவிடம் கெஞ்சிக் கேட்டு அந்தக் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். மறுநாளும் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் கேட்கக் கூச்சமாயிருந்ததால், வரும்போதே தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தச் சந்து வீடுகளில் குழாயில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். வந்தாலும் நூல் மாதிரி வரும். ஆபாவுக்கு அந்த ஒரு குடம் பெரிய உதவி. அதிலிருந்து ஒரு ஏற்பாடு வளர்ந்திருந்தது. நான் பார்த்தபோது அது ஐந்து வீடுகள், இருபது பெண்கள் என்று ஆகியிருந்தது. ஒவ்வொரு பெண்ணும் காலையில் இரண்டு குடம் தண்ணீரை தான் போய்வரும் வீட்டில் சேர்த்துவிட வேண்டும். யாருக்கு எந்த வீடு என்பதை அக்கா பிரித்துக் கொடுத்திருந்தார். தொழுகை நேரத்தில் போகக்கூடாது. ஆண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தால் போகக்கூடாது. போய்வந்ததும் கழுவிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒருத்தி போகும்போது அவள் சாக்கை அடுத்தவள் பார்த்துக்கொள்வாள். புதிதாக வியாபாரத்துக்கு வருகிறவளுக்கு அக்கா முதலில் சொல்லித்தருவது விலை இல்லை, இந்த விதிகளைத்தான்.

பயிற்சி வகுப்பில் சொன்ன அத்தனையும் அங்கே இருந்தது. பிரச்சினையைக் கண்டவர், வழி செய்தவர், அதை ஒரு வீட்டிலிருந்து ஐந்து வீட்டுக்குக் கொண்டுபோனவர், எல்லாமாகவும் ஒருவரே என் எதிரே எலுமிச்சம்பழத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அது தெரியவில்லை. ஆபீசுக்குத் திரும்பி, "வேறு வழியில்லாமல் பெண்கள் பிறர் வீட்டுக் கழிப்பறைகளை நம்பியிருக்கிறார்கள்" என்று எழுதினேன்.

எங்கள் வழி ஒரு கட்டடம். பெண்களுக்கு மட்டும், பத்து அறைகள், டைல்ஸ், வாசலில் கைகழுவும் தொட்டி. மார்க்கெட் ஓரத்தில் கொஞ்சம் இடம் கிடைப்பதாக இருந்தது. கட்டித்தர ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளை யோசித்துக்கொண்டிருந்தது. அவர்கள் மனதைத் தொடும்படி ஒரு துண்டறிக்கை வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒரு பக்கம் 'இன்று', மறு பக்கம் 'நாளை'. நாளைக்கு வரைபடம் இருந்தது. இன்றைக்குப் படம் இல்லை.

ஆபாவின் வீட்டுக்குத் தனியாகப் போனேன். கைப்பையில் ஃபிலிம் போடுகிற சின்ன கேமரா. நேரம் மதியம் கடந்திருந்தது. கதவைத் தட்டி, "ஆபா, நான் கொஞ்சம் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. அவர் மிஷினிலிருந்து எழுந்து, எனக்காக ஒரு வாளித் தண்ணீரைத் தானே தூக்கிவந்து வைத்தார். நான் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். பீங்கானில் விரிசல். சுவரில் பாசி. ஓட்டை விழுந்த கதவின் மேல், வெளியே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, ஊதாவில் வெள்ளைப் புள்ளிகள் போட்ட பழைய துப்பட்டா ஒன்றைத் திரையாக ஆணியடித்திருந்தார்கள். மூன்று படம் எடுத்தேன். கேமரா சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் இருமினேன். அந்த இருமல் எனக்கு இன்னும் கேட்கிறது. வெளியே வந்ததும் ஆபா, இருமலுக்கு மிளகு போட்டு டீ வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படம் மிக நன்றாக வந்திருப்பதாக எங்கள் ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். கீழே வரும் வாசகத்தை நானே எழுதினேன். ஒரு பெண் தன் மானத்தை எங்கே விடுகிறாள் பாருங்கள் என்பது போல ஆங்கிலத்தில் ஒரு வரி. இரண்டு மாதத்தில் அறக்கட்டளை சம்மதித்தது.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை மார்க்கெட்டுக்குப் போனபோது, ஆபாவின் பின்கதவு சாத்தியிருப்பதாக அக்கா சொன்னார். காரணம் தெரியவில்லை, தட்டினால் குரலே வரவில்லை என்றார். அந்த வாரம் முடிவதற்குள் மற்ற நாலு வீடுகளும் சாத்திவிட்டன. அக்கா தளர்ந்துபோயிருந்தார். நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். இனி எங்கள் கட்டடத்தின் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்றே அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: இந்தப் பெண்களுக்கு இருந்த கடைசி வசதியும் போய்விட்டது, வேலையை விரைவுபடுத்த வேண்டும் என்று.

பெண்கள் பழையபடி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். பூ விற்கும் பெண் ஒருத்திக்கு, எல்லோரிலும் சின்னவள், குளிர்ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீர்த்தாரையில் புண்ணாகி ஜுரம் ஏறியிருக்கிறது, ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்று டாக்டர் திட்டினாராம். அக்காதான் இதை என்னிடம் சொன்னார். நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. கட்டட வேலையில் மும்முரமாக இருந்தேன்.

பத்து நாள் கழித்து அக்கா எங்கள் ஆபீசுக்கே வந்தார். அதுவரை அவர் வந்ததில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன்; உட்காரவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். எங்கள் துண்டறிக்கை.

"இது ஆபா வூட்டு கக்கூஸ்தானே?"

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. "இல்லக்கா. எல்லா எடமும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

அக்கா, எலுமிச்சம்பழத்தின் கறை படிந்த விரலைப் படத்தின் ஓரத்தில், அந்தப் புள்ளிபோட்ட துப்பட்டாவின் மேல் வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் நின்றார். நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சந்தில் ஒரு வீட்டம்மா தாளைக் கையில் கொடுத்துச் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னார். ஆபாவின் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லூரிக்கு எங்கள் கூட்டாளி பேசப் போயிருக்கிறார். துண்டறிக்கையை வரிசைவரிசையாகக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த பெண்கள் படத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திச் சிரித்திருக்கிறார்கள். துப்பட்டா அவளுடையது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஈத் பண்டிகைக்கு எடுத்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தாளை அம்மாவின் தையல் மிஷினில் வைத்துவிட்டு, இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. ஆபா மற்ற வீட்டுக்காரர்களிடம், அந்தப் பொம்பளைகளோடு கேமராக்காரி வருகிறாள், ஜாக்கிரதை என்று சொல்லியிருக்கிறார். அதில் தப்பு என்ன?

"நான்தானே உன்னை உள்ள கூட்டிட்டுப் போனேன்," என்றார் அக்கா. "அவங்க என்னைத்தான் கேக்குறாங்க."

அவர் போன பிறகும் நான் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. அந்தக் கதவுகளைச் சாத்தவைத்ததே நாங்கள்தான் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. கூட்டாளியிடம்கூடச் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் துண்டறிக்கை இன்னும் மூன்று வாரம் வெளியே போய்க்கொண்டே இருந்தது. என் கட்டில் அடியில் ஒரு கட்டு, ஆபீஸ் அலமாரியில் ஒரு கட்டு. ஒருவழியாகச் சொன்னபோது அவர், ஐயோ, சரி, இனி கொடுக்க வேண்டாம் என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஆபாவைப் பார்க்கப் போனேன். பின்பக்கம் போகாமல் முன்வாசலுக்குப் போனேன். திட்டுவார், விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் கதவைத் திறந்து என்னை வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. மகளாக இருக்க வேண்டும். என்னை மன்னிக்கச் சொன்னேன். அவர் என் செருப்பைப் பார்த்தபடி, அவர்கள் வீட்டுத் தமிழில் சொன்னார்.

"ஃபோட்டோ எடுக்கணும்னு கேட்டிருந்தா, நான் கழுவி வெச்சிருப்பேன் மா."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். உள்ளே மிஷின் சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன். அந்தச் சந்துக்கு நானும் தண்ணீர் சுமக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். ஏனென்றால் அக்கா அதை நிறுத்தவே இல்லை. கதவு சாத்திய நாளிலிருந்து தினமும் இரண்டு குடம் கொண்டுபோய் ஆபாவின் பின்வாசலில் இறக்கி வைத்துவிட்டு, தட்டாமல் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்து இன்னும் சில பெண்களும் தாங்கள் போய்வந்த வீடுகளின் வாசலில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒதுங்க இடமில்லாமல், தண்ணீர் குடிக்காமல், அடுத்தவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். நான் குழாயடியில் போய்க் குடத்தைப் பிடித்தேன். அக்கா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"நீ தூக்குனா அது உன் மனசு ஆறதுக்கு. அவங்களுக்கு இல்ல. ஆபீசுக்குப் போ."

கோபமாகச் சொல்லவில்லை. வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆபீசுக்குப் போனேன்.

கட்டடம் எழும்பியது. ரிப்பன் வெட்டினோம். அக்காவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தேன். வியாபார நேரம் என்று சொல்லி வரவில்லை. டைல்ஸ் பளபளத்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்தத் தெருவில் வேகமில்லாமல் வரும் தண்ணீர் மேலே வைத்த தொட்டிக்கு ஏறாது என்பது அங்கே குடம் பிடிக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கட்டடத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அவர்களைக் கேட்டிருந்தோம். தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் நாற்றம் தாங்காமல் பூட்டுப் போட்டோம். சாவியை வார்டு ஆபீசில் ஒப்படைத்தோம்.

நான் மறுபடியும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன்.

பிற்பாடு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேள்விப்பட்டேன். ஆபாவின் பின்கதவு திறக்க எட்டு மாதம் ஆனது. ஒருநாள் அக்கா குடத்தை இறக்கும்போது உள்ளேயிருந்து, வந்துட்டுப் போ என்று குரல் மட்டும் வந்ததாம். ஆபா திறந்த பிறகு மற்றவர்களும் திறந்தார்கள். ஒரு வீடு மட்டும் கடைசிவரை திறக்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் கழித்து, இருபது பெண்களும் சேர்ந்து வார்டு ஆபீசுக்குப் போய், பூட்டிக்கிடக்கும் கட்டடத்தின் சாவியைத் தங்களிடம் தரச்சொல்லிக் கேட்டார்கள். விடாமல் போய் உட்கார்ந்தார்கள். சாவி கிடைத்ததும் மேல்தொட்டியை விட்டுவிட்டு, தரையில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, முறைவைத்து அதை நிரப்பினார்கள். பத்து அறையில் ஆறைத்தான் திறந்தார்கள். அதற்குத்தான் தண்ணீர் போதும். விதிகள் எல்லாம் அக்காவின் பழைய விதிகள். பிறகு பக்கத்து மார்க்கெட்டில் பழம் விற்கும் பெண்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கும் ஒன்று கேட்டு வாங்கினார்கள். உலகம் மாறுவது என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அது நடக்கும்போது நான் அங்கே இல்லை.

ஆனால் அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டது என்னைத்தான். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு கல்லூரியில் சமூகத் தொழில்முனைவு என்று ஒரு கருத்தரங்கு. நான் போனேன். ஐந்து வீடுகளைப் பற்றிச் சொன்னேன், தண்ணீர்க் குடங்களைப் பற்றிச் சொன்னேன், ஆறு அறைகளைப் பற்றிச் சொன்னேன். கேமராவைப் பற்றிச் சொல்லவில்லை. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். முடிவில் ஒரு மாணவி எழுந்து, இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று தமிழிலேயே கேட்டாள்.

"நாங்க எல்லாரும் சேர்ந்துதான்," என்றேன்.

அந்த 'நாங்க'ளுக்குள் என்னை வைத்துக்கொள்ள எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கை தட்டினார்கள். ஒரு சால்வை போர்த்தினார்கள்.

திரும்பும்போது சிவாஜிநகரில் இறங்கி பஸ் மாற வேண்டும். இறங்கியதும் அக்காவைப் பார்த்தேன். அதே முனையில் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. ஒரு புதுப் பெண்ணுக்கு ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி நீட்டித் திசை காட்டினார். இருபதடி நடந்தால் போதும், பேசியிருக்கலாம். நான் சால்வையை மடித்துப் பைக்குள் திணித்தேன். பஸ் ஸ்டாண்டை மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், மல்லேஸ்வரம் பஸ்ஸில் ஏறினேன்.